எல் 4 – எல் 5 இடைவெளிக்கு ஆளுக்கேற்ற கேஜ்: ஸ்கேன் சீடியிலிருந்து பிரிண்ட் வரை

எல் 4, எல் 5 என்பவை கீழ்முதுகின் (நாரியின்) நான்காம், ஐந்தாம் முள்ளென்புகள். அவற்றுக்கிடையே நசிந்த இடைத்தட்டுக்குப் பதிலாக வைக்கும் தாங்கிதான் கேஜ். இது மேசையில் வைத்துப் பழகுவதற்கான 3டி அச்சு மாதிரி. உடம்புக்குள் வைப்பதென்றால் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒழுங்குமுறை அனுமதியும் வேண்டும். பொருளும் டைட்டேனியம், பீக் (மருத்துவத்தில் பயன்படும் ஒரு பிளாஸ்டிக்) போன்றதாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கமாக வைக்கும் அகலமான கேஜையே எடுத்திருக்கிறேன். எலும்பின் வளைவு அதில்தான் முழுதாகத் தெரியும்.

ஸ்கேன். வேண்டியது சீரி (CT) ஸ்கேன். பிலிம் உதவாது, டைகொம் (ஸ்கேனின் மூலப் படங்கள்) கோப்புள்ள சீடியைக் (CD) கேளுங்கள். ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் (ஸ்லைஸ்) தடிப்பு 1 மி.மீ. அல்லது குறைவாக இருக்க வேண்டும். 5 மி.மீ. என்றால் முள்ளென்பின் மேற்பரப்பு படிக்கட்டாக வரும். எந்த ஸ்மூதிங்கும் அதைத் திருத்தாது. நோயாளியின் பெயரை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

எண்ணுதல். திருவென்பிலிருந்து (நாரிக்குக் கீழே உள்ள முக்கோண எலும்பு) மேலே எண்ண வேண்டாம். சிலருக்கு எல் 5 திருவென்போடு ஒட்டியிருக்கும், சிலருக்கு நாரியில் ஆறு இருக்கும். கழுத்திலிருந்து எண்ணுவதே நல்லது. ஸ்கேனில் கழுத்து இல்லையென்றால் கடைசி விலா எலும்பைப் பிடித்து வாருங்கள். ஆனால் விலா எலும்பும் சிலரிடம் ஏமாற்றும்.

பிரித்தெடுத்தல். ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரிக்க 3டி ஸ்லைசர் மென்பொருள் போதும், இலவசம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஆரம்பத்தில் வீண். திரெஷோல்டை (எலும்பென்று எடுக்கும் அடர்த்தியின் கீழெல்லை) 200 ஹவுன்ஸ்ஃபீல்டில் (சீரி ஸ்கேனின் அடர்த்தி அலகு) தொடங்குங்கள். எலும்புத் தேய்வு உள்ளவருக்கு 150 வரை இறக்கலாம். பின்பக்க மூட்டில் இடைவெளி மிகச் சிறிது என்பதால் இரண்டு எலும்பும் ஒட்டிக்கொண்டு வரும். மென்பொருளின் கத்தரிக் கருவியால் வெட்டாதீர்கள். திரெஷோல்டை மாஸ்க்காக (அந்த எல்லைக்குள் மட்டும் நிறம் படும்படி) வைத்து, எல் 4, எல் 5, மற்றவை என மூன்று நிறத்தில் கொஞ்சம் தீட்டி, அந்தத் தீட்டல்களை விதையாகக் கொண்டு மிச்சத்தை நிரப்பும் 'குரோ ஃபுரம் சீட்ஸ்' கருவியை ஓட விடுங்கள்.

இடைவெளியைத் திருத்துதல். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். ஸ்கேனில் தெரியும் இடைவெளி நசிந்துபோன இடைத்தட்டின் இடைவெளி, அதுவும் ஆள் படுத்திருக்கையில் எடுத்தது. அதை அப்படியே நிரப்பினால் நசிவையே வார்த்து எடுத்ததாகும். ஆளுக்கேற்பப் பொருத்த வேண்டியது எலும்பின் மேற்பரப்பை. உயரத்தையும் கோணத்தையும் வேறிடத்திலிருந்து எடுக்க வேண்டும். உயரத்துக்கு நசியாத எல் 3 – எல் 4 தட்டு ஒரு வழிகாட்டி. கோணத்துக்கு, நின்றபடி பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே.

இரண்டு எலும்பையும் எஸ்ரிஎல் (3டி உருவக் கோப்பு) ஆக்கி, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீகேட் மென்பொருள், மேற்பரப்பை ஆக்கும் இத்தனை முக்கோணங்களைப் பார்த்தாலே திணறும். எஸ்ரிஎல்லில் அலகு கிடையாது, 45 மி.மீ. எலும்பு 45 மீற்றர் என்று காட்டினால் பயப்படாமல் அப்படியே விடுங்கள். எல் 5 அசையக்கூடாது, எல் 4 ஐ மட்டும் வேண்டிய உயரத்துக்கு நகர்த்துங்கள். 3டி கர்சரை எல் 4 இன் கீழ்ப்பரப்பின் பின்விளிம்பில் வைத்து, அதையே பிவட்டாக்கி (சுழலும் மையமாக்கி) எல் 4 ஐத் திருப்புங்கள். இல்லாவிட்டால் 4 பாகை திருப்பும்போதே எலும்பு எங்கேயோ போய் நிற்கும். திருப்பிய பிறகு பின்மூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேஜ். இடைவெளியை விடத் தடித்த ஒரு கட்டியை நடுவே வைத்து, பூலியன் கட்டளையால் இரண்டு எலும்பையும் அதிலிருந்து கழியுங்கள். எல் 4 இன் அடிப்பரப்பு எல் 5 இன் மேற்பரப்பை விடக் குழிவானது. மேலும் கீழும் ஒரே வளைவு வந்தால் எங்கோ பிழை. எலும்பின் ஓரம் வலிமையானது, நடுப்பகுதி மெலிந்தது. அதனால் கேஜ் ஓர வளையத்தில் உட்கார வேண்டும். ஆனால் எலும்பு முளைத்து நீண்ட கொம்புகளை ஓரமென்று எண்ணி அகலப்படுத்தாதீர்கள். நடுவில் எலும்புத் துண்டு நிரப்ப ஓட்டை விடுங்கள்.

பிரிண்ட். பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை, முள்ளென்புக்கு 0.2 மி.மீ. அடுக்கு, கேஜுக்கு 0.1. திருகோணமலைக் கடற்காற்றில், அதுவும் மாரி மாதங்களில், திறந்து வைத்த இழைச் சுருள் ஈரத்தை இழுத்துவிடும். நொசிலில் பட்பட்டென்று வெடித்து நூல் நூலாக வந்தால் அதுதான் காரணம். 45–50 பாகை செல்சியஸில் ஐந்தாறு மணித்தியாலம் உலர்த்திவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

பொருத்திப் பார்த்தல். கறுப்பு நிறத்தில் அச்சடித்த கேஜில் திருநீற்றை மெல்லிசாகப் பூசி, எலும்புகளுக்கிடையே அழுத்தி எடுங்கள். ஓரம் சுற்றிலும் அழிந்திருந்தால் சரி. இரண்டு மூன்று புள்ளியில் மட்டும் அழிந்திருந்தால் சுமை முழுவதும் அங்கேதான் விழும். உண்மையான எலும்பென்றால் கேஜ் அந்த இடத்தில் உள்ளே இறங்கிவிடும்.

பின்சேர்க்கை: டோட்டல்செக்மென்ரேற்றர் என்ற மென்பொருள் எலும்புகளைத் தானாகவே பிரித்துத் தருமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். எண்ணிடுவதற்கு அருமையானது. ஆனால் அது 1.5 மி.மீ. நுணுக்கத்தில் வேலை செய்வதால் ஓர வளையம் மழுங்கிப்போகும். அதன் முடிவை விதையாக எடுத்து, மேலே சொன்ன 'குரோ ஃபுரம் சீட்ஸ்' முறைக்குக் கொடுங்கள். தீட்டுகிற வேலை மிச்சம்.