திருமயம் கோட்டைக்கு ஒரு நாள் பயணம்: ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு மலை பழக்கமில்லை. ராமேஸ்வரத்தில் 'பர்வதம்' என்று பெயர் வைத்திருக்கும் கந்தமாதனமே ஒரு மணல் மேடுதான். அதனால் பிள்ளைகளுக்கு மலைக்கோட்டை காட்ட வேண்டும் என்றால் காரைக்குடி தாண்டித் திருமயம் போவார்கள். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். தேவிபட்டினம், ஆர்.எஸ்.மங்கலம், தேவகோட்டை, காரைக்குடி என்று ஒரே சாலை. மலையும் பெரிதில்லை, நிதானமாக ஏறினாலும் அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். இவ்வளவு எளிதான பயணத்தைப் பாதிப் பேர் கெடுத்துக்கொள்வதற்குக் காரணம் கால் வலியோ தூரமோ இல்லை. எந்த மாதம் போவது, எத்தனை மணிக்கு எங்கே நிற்பது என்ற கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தடைக்கால லீவில் கிளம்புவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் லீவு. தொண்டியிலும் மண்டபத்திலும் பாம்பனிலும் குடும்பத்தோடு வேன் பிடிப்பது இந்த நாட்களில்தான். திருமயம் பாறை மேல் நிற்கவே கூடாத நாட்களும் இவைதான், நடுவில் அக்னி நட்சத்திரம் வேறு.

"நாங்க பாக்காத வெயிலா" என்பார்கள். கடற்கரை வெயில் வேறு. இங்கே முற்பகலிலேயே கடல் காற்று எழும்பிவிடும், வேர்த்து உடம்பு நசநசக்கும், தாகம் எடுப்பது தெரியும். திருமயத்தில் காற்று வறண்டது. வேர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பது தெரியாது. தலை கிறுகிறுத்த பிறகுதான் பாட்டிலைத் தேடுவார்கள். போதாததற்கு மொட்டைப் பாறை. காலையிலிருந்து குடித்த சூட்டை மாலையில்தான் வெளியே விடும். அதனால் "நாலு மணிக்கு மேல் ஏறினால் குளுமையாக இருக்கும்" என்பதும் தப்புக் கணக்கு.

மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாறை வழுக்கும். தடைக்காலத்தை விட்டால் வேறு நாளே இல்லை என்பவர்கள் காலை 9 மணிக்கு ஏறத் தொடங்கி பத்தரைக்குள் இறங்கிவிட வேண்டும். கோடை இடி மழைக்கும் இதே யோசனைதான். மேற்கே கறுத்தால் உச்சியில் நிற்கக் கூடாது. சுற்று வட்டாரத்தில் உயரமான இடம் அதுதான், மேலே இருப்பது இரும்புப் பீரங்கி.

இரண்டு கதவுகளின் நேரத்தை மறப்பது

கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. காலை 9 மணிவாக்கில்தான் திறப்பார்கள், மாலை ஐந்து, ஐந்தரைக்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சூரிய உதயம் பார்க்கலாம் என்று நள்ளிரவில் கிளம்பி வந்தால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். மலையடிவாரத்துப் பெருமாள், சிவன் கோயில்கள் இதற்கு நேர்மாறு. காலையிலேயே திறந்து மதியம் 12 மணியை ஒட்டி நடை சாத்தினால், மறுபடி 4 மணிக்குத்தான்.

ஆக இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது காலை 9 முதல் 12 வரை. திருமயத்துக்கு உரிய நேரம் அந்த மூன்று மணி நேரம்தான். அதற்கு ராமநாதபுரத்தில் காலை 6 மணிக்கு வண்டி நகர வேண்டும். ராமேஸ்வரத்துக்காரர்கள் கூடுதல் 55 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். தொண்டியிலிருந்து வந்தால் சி.கே.மங்கலம் முக்கில் தேவகோட்டைச் சாலையைப் பிடித்துவிடலாம். போகிற வழியில் காரைக்குடியில் உட்கார்ந்து இலை போட்டு டிபன் சாப்பிட ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் போச்சு. இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு வண்டியிலேயே முடித்துவிடுங்கள்.

முதலில் கோட்டை, பிறகு கோயில். இந்த வரிசையை மாற்றினால் சுடும் நேரத்தில் பாறையில் நிற்பீர்கள். கோட்டையை முடித்து பத்தரைக்கு இறங்கினால், பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலின் குளுமை வெயில் ஏறும் நேரத்துக்குச் சரியாக வாய்க்கும்.

பைரவர் வாசலில் இறங்கி ஏற வழி தேடுவது

நெடுஞ்சாலையில் வரும்போது முதலில் கண்ணில் படுவது வெளி மதிலில் வடக்குப் பார்த்திருக்கும் கோட்டை பைரவர். வண்டிகள் அங்கே தேங்கி நிற்பதைப் பார்த்து அதுதான் கோட்டை வாசல் என்று இறங்கிவிடுவார்கள். கும்பிட்டுவிட்டுப் போகலாம், மேலே ஏறும் வாசல் அது இல்லை. டிக்கெட் கொடுக்கும் வாசலைக் கேட்டு மதிலைச் சுற்றிப் போக வேண்டும். தேய்பிறை அஷ்டமியன்று பைரவருக்குக் கூட்டம் அள்ளும், அன்று வண்டி நிறுத்தவே நேரம் சரியாகிவிடும். காலண்டரைப் பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பஸ்ஸில் வருபவர்கள் கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்க வேண்டும். பல தொலைதூரப் பஸ்கள் திருமயத்தில் நிற்பதில்லை. காரைக்குடியில் மாறி புதுக்கோட்டை போகும் சாதாரணப் பஸ்ஸைப் பிடிப்பது நிச்சயமானது. திருமயத்தில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் எல்லா எக்ஸ்பிரஸ்ஸும் அங்கே நிற்பதில்லை; அது தெரியாமல் ஏறிவிட்டுப் புதுக்கோட்டையில் இறங்கியவர்களும் உண்டு.

டிக்கெட்டுக்கு க்யூ.ஆர். கோடு ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். போனில் சிக்னல் இல்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான், சில்லறைப் பணமும் கையில் இருக்கட்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

கடற்கரைச் செருப்போடு ஏறுவது

மணலில் நடந்து நடந்து அடி வழவழத்துப் போன ரப்பர் செருப்புதான் வழுக்கி விழுவதற்கு முதல் காரணம். ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போது பாருங்கள்: சரிவான பாறை மேல் பொடி மணல் பரவிக் கிடக்கும், கடுகைக் கொட்டிவிட்டு அதன்மேல் கால் வைப்பது போல. பாதம் வேர்த்திருக்கும், செருப்புக்குள்ளேயே கால் முன்னே சறுக்கும், கட்டை விரல் வார் பிய்ந்துகொள்ளும். பின்பக்கம் பட்டை உள்ள செருப்போ ஷூவோ போட்டு வாருங்கள். இறங்கும்போது பாதத்தை நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதமும் பதியும்படி வையுங்கள். சேலை கட்டியவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொள்வது நல்லது.

பாதி வழியில் பாறையைக் குடைந்து ஒரு சிறு அறை, உள்ளே லிங்கம், சதுரமான ஆவுடையார் (லிங்கத்தின் பீடம்). அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க முடியாது. பதினொரு மணிக்கு மேல் அந்தக் கம்பியைப் பிடித்தால் கை பொரியும், வெறுங்காலோடு ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த அறையைப் பார்க்காமல் நேராகப் பீரங்கிக்கு ஓடிவிடுவதும் வழக்கமான தவறுதான். உச்சியில் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்ள எப்போது போனாலும் ஆள் நிற்கும், ஏணி காலையில் மட்டும்தான் சுகம்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். மேலே கடை கிடையாது, கழிப்பறை வேலையைக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். எடுத்து வருபவர்கள் அரை டம்ளர் தண்ணீரில் பாக்கெட்டைக் கொட்டிக் குடிக்கிறார்கள். அது தாகத்தைக் கூட்டும், பிள்ளைகளுக்கு வாந்தி வரும். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. சாப்பாட்டுக்குப் புளியோதரை போதும். மீன் குழம்புச் சோறு கட்டி வந்தால் பூட்டிய வேனுக்குள் மதியத்துக்குள் கெட்டுவிடும். பெருமாள் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் அதைத் தின்னலாமா என்று வண்டிக்குள் ஒரு பஞ்சாயத்தும் நடக்கும்.

யார் கட்டியது என்று தெரியாமல் சுற்றுவது

'ஊமையன் கோட்டை' என்ற பேரைக் கேட்டுவிட்டு, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை கட்டியது என்றே பலர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ஊமைத்துரை இங்கே இருந்ததாக ஊர் வழக்கு உண்டு. கட்டியவர் நம் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி, ஆண்டு 1687. போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் அவர்தான். சேதுநாட்டின் வடக்கு எல்லைக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது, கடற்கரைச் சமவெளியில் கிடைக்காத மலை இங்கே கிடைத்தது. கோட்டை பின்னால் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கைக்குப் போனது. ஆரம்பத்தில் ஏழு சுற்று மதில் என்பார்கள், இன்று நிற்பவை நாலு. ராமநாதபுரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வெறும் பீரங்கியைக் காட்டிக் கூட்டி வருவது வீண் செலவு.

ஒரு பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது

கோயிலில் நடக்கும் பெரிய தவறு இது. சத்தியமூர்த்திப் பெருமாள் நின்ற கோலம். அவரைச் சேவித்துத் தீர்த்தம் வாங்கியதும் 'முடிந்தது' என்று வெளியே வந்துவிடுவார்கள். பக்கத்துக் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் திருமெய்யர்தான் அதிசயம். பாறையோடு பாறையாகச் செதுக்கிய பேருருவம். பின்சுவரில் தேவர்களும் முனிவர்களும், கால்மாட்டில் ஆதிசேஷன் கக்கும் அனலுக்கு அஞ்சி ஓடும் மது, கைடபர். தீப வெளிச்சத்தில் தலையிலிருந்து பாதம் வரை பார்வையை நகர்த்தவே நேரம் பிடிக்கும். ஸ்ரீரங்கத்துக்கும் முந்தியது என்ற பொருளில் ஆதிரங்கம் என்ற பேர் சும்மா வரவில்லை. திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. உள்ளே போனை எடுக்காதீர்கள், சத்தம் போட்டு நிறுத்துவார்கள்.

அதே பாறையை ஒட்டி சத்தியகிரீஸ்வரர் சிவன் கோயில், தனி வாசல். இரண்டு கோயிலாருக்கும் இருந்த வழக்கு 13-ஆம் நூற்றாண்டில் தீர்க்கப்பட்ட கதை கல்வெட்டாகவே இருக்கிறது. பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே வழி இருக்கும் என்று தேடிக் காத்திருந்தால் சிவன் கோயில் நடை சாத்திவிடும். பதினொன்றே காலுக்கெல்லாம் இங்கே வந்துவிட வேண்டும்.

மதியத்துக்கு மேல் ஊர் சுற்றும் ஆசை

சித்தன்னவாசல், நார்த்தாமலை, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று பட்டியல் போட்டு வருபவர்கள் எதையும் பார்ப்பதில்லை. சித்தன்னவாசல் புதுக்கோட்டைக்கும் அப்பால், வீட்டுக்கு எதிர்த் திசை. அதற்குத் தனி நாள் வையுங்கள். 12 முதல் 4 வரை கோயில் நடைகள் சாத்தியிருக்கும் நேரத்தில், திரும்பும் வழியிலுள்ள கானாடுகாத்தான் ஊரின் செட்டிநாட்டு வீடுகளை வெளியிலிருந்து பார்த்து, காரைக்குடியில் சாப்பிட்டு, 4 மணிக்குப் பிள்ளையார்பட்டியில் நிற்கலாம். ஐந்துக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். தேவகோட்டை தாண்டினால் இருபுறமும் கருவேலங்காடு. பொழுது சாயும் நேரத்தில் ஆட்டு மந்தை சாலையை மறித்துத்தான் திரும்பும், பின்விளக்கில்லாத டிராக்டரும் வரும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லுங்கள், பின் சீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.