சிறு படகில் அவுட்போர்டு மோட்டாரின் டிரிம் கோணத்தைச் சரிசெய்தல்

படகு வேகம் எடுக்கவில்லை, டீசலோ பெட்ரோலோ அதிகம் குடிக்கிறது, சுக்கான் கை கனக்கிறது என்றால் புரொப்பெல்லரை மாற்றும் முன் டிரிம் கோணத்தைப் பார்த்துவிடுவது நல்லது. படகின் பின்புறத்தில் மோட்டார் மாட்டப்படும் பின்பலகையோடு மோட்டாரின் கால் (நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதே டிரிம். அதை மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

முதலில் மோட்டாரின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நீண்டிருக்கும் தகடு, படகின் அடிப்பாகத்துக்கு ஏறத்தாழ நேராகவோ 25 மில்லிமீட்டருக்குள் முன்பின்னாகவோ இருக்க வேண்டும். மோட்டார் அதைவிட மிக உயரமாக இருந்தால் டிரிமை எப்படி மாற்றினாலும் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும்.

9.9 அல்லது 15 குதிரைத்திறன் கொண்ட சிறு மோட்டார்களில் டிரிமை மாற்ற, சாய்வைத் தாங்கி நிற்கும் பின்னை (துளையில் செருகும் உலோகக் கம்பி) பெரும்பாலும் கையால்தான் மாற்ற வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, மோட்டாரை மேலே தூக்கித் தாங்கியில் பூட்டிய பிறகே தாங்கிச் சட்டத்தின் துளையிலிருந்து பின்னை உருவ வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு துளை மட்டும் நகர்த்தி, அந்தப் பின் முழுதாகப் பூட்டிக்கொண்டதை உறுதிசெய்யுங்கள். இந்தப் பின் இல்லாமல் ஓட்டவே கூடாது. நடுத்துளையில் தொடங்கி, வழக்கமாக ஏற்றும் ஆட்கள், எரிபொருள், வலை ஆகியவற்றோடுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெற்றுப் படகில் கண்ட கோணம் சுமையேறியதும் பொருந்தாது.

அமைதியான நீரில், நிறுத்து கயிற்றை (இழுபட்டால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு) உடலில் மாட்டிக்கொண்டு, ஒரே அளவு த்ராட்டிலில் ஓட்டிக் கவனியுங்கள். கால் பின்பலகையை நோக்கி அதிகம் உள்வாங்கியிருந்தால் அணியம் (படகின் முன்பகுதி) தாழும், நீர் தெறிக்கும், திருப்புவது கடினமாகும். பின்னை ஒரு துளை வெளியே வையுங்கள். அதிகம் வெளியே போயிருந்தால் அணியம் எழுந்து விழுந்து துள்ளும், அல்லது வேகம் கூடாமல் இயந்திரத்தின் சுழற்சி மட்டும் ஏறும். அப்போது உள்ளே கொண்டுவர வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் அதன் வெளியேற்றுத் துளையில் தொடர்ந்து வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுமை மிகுந்து நீரின் மேல் மிதந்தெழாமல் ஓடும் படகுக்கு, புரொப்பெல்லர் தண்டு நீர்மட்டத்துக்கு இணையாக நின்றாலே போதும்.

பொத்தானால் இயங்கும் டிரிம் இருந்தால் புறப்படும்போது முழுதும் உள்ளே வைத்து, படகு மேலெழுந்து ஓடத் தொடங்கியதும் சிறிது சிறிதாக வெளியே விடலாம். எதிர் அலையில் சற்று உள்ளே வைத்தால் அணியம் அலையை வெட்டிச் செல்லும். பின்னிருந்து அலை தள்ளும்போது அப்படி வைப்பது ஆபத்து, அணியம் முன் அலையில் குத்திப் படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடலாம்.

கோணம் சரியான பிறகும் படகு ஒரு பக்கமாக இழுத்தால், கிடைத்தகட்டின் அடியில் உள்ள சிறு துடுப்பின் போல்ட்டைத் தளர்த்துங்கள். படகு இடப்புறம் இழுத்தால் துடுப்பின் பின்முனையை இடப்புறமும், வலப்புறம் இழுத்தால் வலப்புறமும் சிறிதளவு திருப்பி, போல்ட்டை இறுக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.