ஜோத்பூரை வெயிலறிந்து சுற்றிப்பார்ப்பது எப்படி?

பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் ஜோத்பூர், தார்ப் பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில் அமைந்த நகரம். ஆண்டு முழுவதற்கும் அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 36 சென்டிமீட்டர்தான். ஆகவே எந்த இடத்தை முதலில் பார்ப்பது, எதைப் பிற்பகலுக்கு ஒதுக்குவது என்பதை வெயிலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை உகந்த காலம். மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டிவிடும். நகரம் நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் ஜனவரியில் ஏழரை மணியளவில்தான் பொழுது விடியும் என்பதையும், அந்த நேரத்தில் கம்பளி ஆடை தேவைப்படும் என்பதையும் தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் மறக்கக் கூடாது. மன்னார்குடியிலிருந்து வாராந்திர ரயில் ஒன்று, ஜோத்பூர் சந்திப்புக்குச் சற்று முன்னே உள்ள பகத் கி கோட்டி நிலையம் வரை செல்கிறது.

முதல் நாள் காலையை மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் 72 ஹெக்டேர் பரப்பில் உள்ள ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில் தொடங்கலாம். பெரும்பாலான பயணிகள் இதைக் கடந்து நேரே கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ இந்நகரில் தவறவிடக் கூடாத முதல் இடம் இதுவாகத்தான் படுகிறது. கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் ஜோத்பூருக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், நம் ராமநாதபுரத்துக் கண்மாய்களில் செய்ததையே இந்தப் பாறை நிலத்திலும் செய்து, இடுக்குகளிலெல்லாம் வேர் இறக்கி, மண்ணுக்குரிய செடிகளை அகற்றிவிட்டிருந்தது. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் மரம் அது. எனவே 2006இல் இயற்கையியலாளர் பிரதீப் கிருஷன் வழிகாட்டுதலில் சீரமைப்புப் பணி தொடங்கியபோது, பரம்பரையாகக் கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கொண்டு பாறையை உளியால் குடைந்து வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே பாலைநிலச் செடிகளை நட்டார்கள். இங்குள்ள ரயோலைட் பாறைகள் எழுபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய எரிமலை வெடிப்பில் உருவானவை. நடைபாதைகளில் ஒன்று, கோட்டையடியில் உள்ள ஏரிக்கு மழைநீரைக் கொண்டுசெல்லப் பாறையைப் பிளந்து வெட்டிய பழைய கால்வாய் வழியாகச் செல்கிறது. நேரம் குறைவாக இருந்தால் அந்த ஒன்றை மட்டுமாவது நடந்து பார்க்க வேண்டும். செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி அவசியம்.

கோட்டை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. பூங்காவை முடித்துக்கொண்டு பத்து மணியளவில் உள்ளே நுழைந்தால், வெயில் ஏறும் நேரத்தில் அருங்காட்சியக அறைகளின் நிழலில் இருக்கலாம். நகரைவிட ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்தக் கோட்டையை 1459இல் மன்னர் ராவ் ஜோதா கட்டத் தொடங்கினார். மலையில் தவமிருந்த சிடியா நாத் என்ற துறவி, தம்மை வெளியேற்றிய மன்னருக்கு என்றும் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் எனச் சபித்ததாக உள்ளூரில் ஒரு கதை வழங்குகிறது. சாபமோ இல்லையோ, ஏரி, கால்வாய், படிக்கிணறு என்று மழைநீரின் ஒவ்வொரு துளியையும் பிடித்துவைக்கத் துணிந்த ஊர் இது. ஏறமுடியாத முதியோருக்கு மின்தூக்கி உண்டு. லோஹா போல் என்ற வாயிலருகே, உடன்கட்டை ஏறிய அரச மகளிரின் கைத்தடங்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். உள்ளே பல்லக்குகளையும் யானை அம்பாரிகளையும் பார்த்தபின், அபய சிங் மன்னர் பொன்வேலைப்பாட்டுடன் அமைத்த பூல் மஹால் என்ற கூடத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பழைய நகரின் நீலம் பூசிய வீடுகளைப் படமெடுக்க விரும்புவோர் மதில்மேல் நின்று முற்பகல் வெளிச்சத்தில் எடுத்துவிடலாம். பிறகு ஃபதே போல் என்ற வாயில் வழியாக இறங்கினால் அந்த வீடுகள் உள்ள பிரம்மபுரிச் சந்துகளுக்கே வந்து சேரலாம்.

நண்பகலில் வெளியே சுற்றுவது வீண். உணவுக்கு கேர் சாங்கரி என்ற உள்ளூர்க் கறி கிடைக்கிறதா என்று கேளுங்கள். சாங்கரி என்பது நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தின் உலர்ந்த காய். அதன்பின் உமைத் பவன் அரண்மனைக்குச் செல்லலாம். பஞ்சத்தில் வேலையிழந்தோருக்குப் பிழைப்பளிக்க 1929இல் தொடங்கி 1943இல் முடிக்கப்பட்ட கட்டடம் அது. ஆனால் பெரும்பகுதி நட்சத்திர விடுதியாகவும் அரச குடும்பத்தின் இல்லமாகவும் இருப்பதால், பார்வையாளருக்குக் கிடைப்பது சிறிய அருங்காட்சியகமும் பழைய கார்களின் காட்சியும்தான். ஒரே நாள் தங்குவோர் இதை விட்டுவிடலாம். 1899ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்பளிங்கு நினைவிடமான ஜஸ்வந்த் தடா கோட்டைக்கு அருகிலேயே உள்ளது, அரை மணி நேரம் போதும்.

நான்கு மணிக்கு மேல் பழைய நகருக்குள் இறங்கலாம். அபய சிங்கின் அரசி 1740களில் கட்டுவித்த தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறு, நெடுங்காலம் இடிபாடுகளால் தூர்ந்து கிடந்து, அண்மையில்தான் தூர்வாரி மீட்கப்பட்டது. உள்ளூர்ச் சிறுவர்கள் மேலிருந்து நீரில் குதிப்பார்கள். பார்த்துப் பின்பற்ற வேண்டாம், ஆழம் அதிகம். அங்கிருந்து மணிக்கூண்டுச் சந்தை நடை தூரத்தில் உள்ளது. மிளகாயில் உருளைக்கிழங்கு மசாலாவை அடைத்துப் பொரிக்கும் மிர்ச்சி வடாவையும், கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டியான மக்கனியா லஸ்ஸியையும் அங்கே சுவைக்கலாம்.

இரண்டாம் நாள் இருந்தால், பழைய தலைநகரான மண்டோரில் கோயில் போன்ற அரச நினைவிடங்களை அதிகாலையில் பார்த்துவிட்டு, நகரின் தென்கிழக்கே உள்ள கேஜர்லி கிராமத்துக்கு வாடகை வண்டியில் செல்லலாம். அதே அபய சிங்கின் ஆட்சியில், 1730இல், அரண்மனைக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு சுட வன்னி மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிப்பிடித்தபடி அம்ருதா தேவி என்ற பெண் உட்பட, மரங்களையும் விலங்குகளையும் காப்பதை அறமாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிர்விட்ட இடம் அது. பூல் மஹாலின் பொன்வேலைப்பாட்டை முந்தைய நாள் கண்டவருக்கு இந்த இடம் வேறுவிதமாகத் தோன்றும். வழியில் வெளிமான்கள் மேய்வதைக் காணலாம். பிஷ்னோய்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகளைப் போலக் காப்பதால், வண்டியை விட்டு இறங்கி அவற்றைத் துரத்துவதோ உணவு காட்டி அழைப்பதோ கூடாது. பாத்ரபத மாத வளர்பிறைத் தசமியன்று, அதாவது பெரும்பாலும் செப்டம்பரில், கேஜர்லியில் நினைவுநாள் விழா பெருங்கூட்டத்துடன் நடைபெறும். நினைவிடத்தை அமைதியாகப் பார்க்க நினைப்போர் வேறொரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.