பினாங்குப் பெட்டியில் ஜப்பான் கார்டு கிடைத்தால்

கீழக்கரையில் சபராளி (கடல் கடந்து வணிகத்துக்குப் போனவர்) வீடுகளின் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருக்கும். பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் பாட்டனாரின் பெட்டியில், கணக்குச் சிட்டைகளுக்கு நடுவே ஜப்பானியச் சிப்பாய் ஒருவர் எழுதிய அஞ்சலட்டை கிடந்தது. உங்களுக்கும் அப்படிக் கிடைத்தால், தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். பாட்டனாரின் பழைய கடிதம் ஒன்றை என் மச்சான் ஆசையாக லேமினேட் செய்துகொண்டு வந்தார். சூட்டில் மை பரவிவிட்டது, இனி உரிக்கவும் முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் வீசும்போது பெட்டியையே திறக்க வேண்டாம். உப்பு ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். பங்குனியில், கை கழுவித் துடைத்துவிட்டு, நிழலில் வைத்துப் பாருங்கள். செல்லோ டேப் கூடாது. பாச்சை உருண்டையும் அட்டையில் படக் கூடாது.

சரி, எப்படிப் படிப்பது? எழுத்து மேலிருந்து கீழே இறங்கும், வரிகள் வலமிருந்து இடமாகப் போகும். குர்ஆன் ஓதப் போனவர்களுக்கு வலப்பக்கம் தொடங்குவது புதிதா என்ன! முகவரிப் பக்கத்தில், பெரும்பாலும் சிவப்பில், நான்கு எழுத்துகள் இருக்கும்: குன்ஜி யூபின், அதாவது ராணுவ அஞ்சல். களத்திலிருந்து அனுப்பக் கட்டணம் கிடையாது, அதனால் தபால்தலை இல்லையே என்று தேடாதீர்கள். அனுப்பியவர் முகவரியில் ஊருக்குப் பதில் படைப்பிரிவின் பெயர்தான் இருக்கும்.

தேதி இருந்தால் அது ஷோவா ஆண்டு, அதாவது அன்றைய ஜப்பான் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு. கூட்டல் குறி போல இருப்பது பத்து, ஒரு படுக்கைக் கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு. வரும் எண்ணோடு 1925-ஐக் கூட்டுங்கள்: ஷோவா 17 என்றால் 1942. கூடவே மலாயா ஊர்க் கடிதங்கள் கிடந்து, அஞ்சல் முத்திரையில் 2602 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு, 660-ஐக் கழித்தால் அதே 1942.

போன் கேமரா மொழிபெயர்ப்பு அச்செழுத்தைப் பிடித்துவிடும், கையெழுத்தில் தடுமாறும். எங்களுக்கு 'அம்மா' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

கடைசியாகத் தணிக்கை முத்திரையைத் தேடுங்கள். அட்டையைப் படித்துப் பார்த்த அதிகாரி தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் சின்னதாகக் குத்தியிருப்பார். அதற்கென்றே கட்டம் அச்சிட்ட அட்டைகளும் உண்டு.

எங்கள் அட்டையில் முகவரி முழுதாக இருக்கிறது, ஷோவா 18 என்ற தேதியும் இருக்கிறது. கட்டம் மட்டும் காலி.