நான்கு கோடி இலக்கப் பகா எண்ணைப் பேனாவோடு ஆராய்வது எப்படி?

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த பகா எண் 2^136279841 − 1. இதை முழுசாக எழுதிப் பார்க்கத் தேவையே இல்லை, அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டே நிறையப் பிடித்துவிடலாம்.

கடைசி இலக்கம் சுலபம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1, அதாவது 2-இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 1. கடைசி இரண்டு இலக்கம் வேண்டுமா? அவை 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும், அதனால் அடுக்கை 20-ஆல் வகுங்கள், மீதி அதே 1தான், ஆனால் இந்தச் சுற்று 2^2-இல்தான் தொடங்குகிறது என்பதால் 2^21-ஐ எடுக்க வேண்டும்: 2097152. அப்போ நம் எண் 51-இல் முடிகிறது.

எத்தனை இலக்கம் என்பதில்தான் சறுக்கும். அடுக்கை 2-இன் மடக்கையால் (10-ஐ அடிமானமாகக் கொண்ட log) பெருக்கி, முழு எண் பகுதியோடு 1 கூட்ட வேண்டும். பள்ளியில் படித்த 0.30103-ஐப் போட்டால் 41024320.54 வரும், ஓர் இலக்கம் கூடிவிடும்! 0.301029995664 போட்டால் 41024319.945, ஆக 4,10,24,320 இலக்கங்கள். மிச்சமிருக்கும் 0.945-ஐ வீணாக்காதீர்கள்: 10^0.945 சுமார் 8.8, எண் 88 என்று தொடங்குகிறது.

சரி, பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது? அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். 2^15 − 1, 7-ஆலும் 31-ஆலும் வகுபடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் போதாது, 2^11 − 1 = 2047 = 23 × 89. இந்த 23, 89 இரண்டுமே 22-இன் மடங்கோடு 1 கூட்டியவை என்பதைக் கவனியுங்கள். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண் என்றால் எந்தக் காரணியும் அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் மீதி 1 தரும், அதனால் கண்ட எண்ணாலெல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டாம்.

தீர்ப்பு சொல்வது லூக்கா-லெமர் சோதனை, எனக்கு இதுதான் இருப்பதிலேயே அழகு. 127-இல், அதாவது 2^7 − 1-இல் செய்து பாருங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள்: 4, 14, 67, 42, 111, 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில், அதாவது ஐந்தாவது படியில், பூஜ்ஜியம் வந்தது, எனவே பகா எண். டுராண்டின் எண்ணுக்கும் இதே கணக்குதான், படிகள் மட்டும் 13,62,79,839. ஒவ்வொன்றிலும் நான்கு கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும் என்பதால் அங்கே பேனாவை வைத்துவிட்டு, ஃபூரியே உருமாற்றத்தால் (பெரிய எண்களை வேகமாகப் பெருக்க உதவும் கணித உத்தி) பெருக்கும் கணினியிடம் விட்டுவிடுங்கள்.