இரவுச் சமையல் நாலு நாளில் நின்றுபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை முடிந்து வந்து, பசியோடு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ‘இன்றைக்கு என்ன செய்யலாம்?’ என்று யோசிப்பதுதான் முதல் தவறு. அந்த நேரத்தில் உடம்பு களைத்திருக்கும், யோசிக்கும் பொறுமையும் தீர்ந்திருக்கும். கை தானாகப் போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடும். நாளைக்கு என்ன என்பதை முந்தின இரவு சாப்பிட்ட கையோடு முடிவு செய்துவிடுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது ஆசைப்பட்டு நாலு கறி யோசிக்க மாட்டோம். முடிவு செய்த சூட்டிலேயே அதற்கான ஒரு சின்ன வேலையையும் முடித்துவிட வேண்டும். பயறை ஊறப் போட்டுவிட்டால் நாளைய சமையலில் பாதி தொடங்கியாயிற்று.

இறைச்சி என்றால் ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இரவே மாற்றுங்கள்; அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். அரைக் கிலோ இளகவே ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும். மறந்துபோனவர்கள் காலையில் எடுத்து மேடைமேல் வைத்துவிட்டுப் போவதுண்டு. நடுவில் பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் பல மணி நேரம் அறை வெப்பத்தில் கிடக்கும். கிருமிகளுக்கு அது போதும். அவசரமென்றால் தண்ணீர் புகாத பையில் போட்டு, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். இப்படி இளக வைத்ததை உடனே சமைத்துவிட வேண்டும்.

அடுத்தது, தொடங்கிய வாரமே ஏழு இரவுக்கு ஏழு புதுப் பதார்த்தம் என்று பட்டியல் போடுவது. முதல் இரண்டு வாரம் மூன்றே இரவு, அதுவும் கிழமை குறித்து, கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய நாலைந்து பதார்த்தங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க விடுமுறை நாள் இருக்கிறது.

சமையல் குறிப்பில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்புவதும் ஆளைக் கவிழ்க்கும். ‘வெங்காயம் 3, நறுக்கியது’ என்று பொருள் பட்டியலில் எழுதியிருந்தால், உரித்து நறுக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் வந்திருக்காது. ‘5 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்பது இன்னும் பெரிய பொய். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும்வரை வாணலிக்குள் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். மூன்று பெரிய வெங்காயம் 8–10 நிமிடத்தில் கண்ணாடிபோல் வதங்கும். ஆழ்ந்த பழுப்பு நிறம் வர மிதமான தீயில் 30 முதல் 45 நிமிடம் ஆகும். பொறுமையிழந்து தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடுவில் பச்சை வாசம் நிற்கும். வேலை நாளில் கண்ணாடிப் பதமே போதும் என்கிற பதார்த்தத்தைத் தேர்ந்தெடுங்கள். சிவந்தே ஆக வேண்டுமென்றால், விடுமுறை நாளில் ஒரு கிலோ வதக்கி ஐஸ் டிரேயில் உறைய வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

இதே தண்ணீர்க் கணக்குதான் காய்களுக்கும். ஒரே நடையில் முடிக்க நினைத்து வாணலியை நிரப்பினால் காய் வறுபடாது, தன் நீரிலேயே வேகும். காதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்: சடசடவென்று இருந்த ஓசை அடங்கி, கொதிக்கிற சத்தமாக மாறும். பாதியை எடுத்துவிட்டு இரண்டு தடவையாகப் போடுவதே கடைசியில் சீக்கிரம் முடியும்.

மறுநாளைக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் சமைப்பது நல்ல யோசனை. ஆறட்டும் என்று பானையோடு படுக்கப்போகும்வரை வெளியே வைப்பதில்தான் வில்லங்கம். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நச்சை உண்டாக்கினால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும். அதனால் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான டப்பாக்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் 4 டிகிரியில் இருக்கும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சோற்றை மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது. மற்றவை மூன்று நாள் தாங்கும். டப்பாமேல் தேதி எழுதி ஒட்டாவிட்டால் எது எந்த நாளுடையது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊறிய சிவப்பு ராஜ்மாவை நேராக அதில் போடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் நச்சு அந்த மெல்லிய சூட்டில் அழியாது. ஊறிய நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே போட வேண்டும்.

வாரக் காய்கறியை ஒரே நாளில் வாங்கலாம். கீரையும் காளானும் முதல் இரண்டு நாளில் தீர வேண்டும். பீன்ஸ் வகை நடுவில். முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு கடைசிக்கு. இந்த வரிசையைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு எடுத்தால் வாரக் கடைசியில் கீரை குப்பைக்குத்தான் போகும். கடைக்குப் போகாமலே 15 நிமிடத்தில் முடியும் ஒரு சாப்பாட்டுக்கான சாமான் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்: முட்டை, நூடுல்ஸ், ஃபிரீசரில் பச்சைப் பட்டாணி.

தொட்டியில் குவிந்த பாத்திரம் மறுநாள் சமையலைக் கெடுக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காலியான வாணலியில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். சமைத்தவரையே கழுவ வைக்காதீர்கள்.

ஒரு இரவு தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுவதும் தவறுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தினசரிச் செயல் ஒன்று பழக்கமாகச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. ஆகவே வெளியே வாங்கிச் சாப்பிட்ட இரவில், ஊறின பயறின் தண்ணீரை வடித்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள். நாளைக்கு என்ன சமையல் என்பது முடிவாகிவிட்டது.