கொழுந்து வெட்டுற பேட்டரி மெஷினுக்கு பாடி பண்றது எப்படி

கையில புடிக்கிற மெஷினுக்கு பாடி, அதாவது வெளிக்கூடு, பண்ணணும்னா மொதல்ல கம்ப்யூட்டர திறக்காதீங்க, கிளே வாங்குங்க. கோத்தகிரி பக்கம் சின்ன தேயிலை தோட்டக்காரங்களுக்காக பேட்டரி மெஷின் பண்ணிட்டு இருக்கேன். மொத பாடிய நேரா கேட்ல (CAD, கம்ப்யூட்டர்ல டிசைன் வரையிற சாப்ட்வேர்) வரைஞ்சு 3டி பிரிண்டர்ல பிரிண்ட் எடுத்தேன், என் கைக்கு அம்சமா இருந்துச்சு, ஆனா கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தங்க கையில குடுத்தப்போ அவங்க ஆள்காட்டி விரல் டிரிகர எட்டவே இல்ல, அதுலயும் ரப்பர் கிளவுஸ் வேற போட்டிருந்தாங்க.

அதனால அரை இஞ்ச் பிவிசி பைப்ப ஒரு ஜாண் வெட்டி அதச் சுத்தி காயாத கிளேவ அப்புங்க, பிடி குறுக்களவு 32ல இருந்து 38 மில்லிமீட்டருக்குள்ள இருக்கட்டும். யாரு வேலை செய்யப் போறாங்களோ அவங்ககிட்ட குடுத்து, செடி மட்டத்துக்கு குனிஞ்சு பத்து நிமிஷம் புடிக்கச் சொல்லுங்க. விரல் பதிஞ்ச பள்ளம் அப்படியே நிக்கும், அதுதான் உங்க டிராயிங். நாலஞ்சு பேர் கை வாங்கிட்டா, சின்ன கை எட்டுற இடத்துல டிரிகர வைங்க. மோட்டார், பேட்டரி எடைக்கு ஏத்த இரும்புத் துண்ட ரெண்டு பக்கமும் கட்டி, பிடியில கயிறு போட்டு தொங்க விடுங்க. முன்பக்கம் சாயுதுன்னா பேட்டரிய இன்னும் பின்னாடி தள்ளணும், இல்லன்னா சாயங்காலம் மணிக்கட்டு வீங்கிடும்.

இப்போ கேட். டிரில் மெஷின் மாதிரி ரெண்டு பாதியா பிரிங்க, சுவர் 3 மில்லி, உள்ள வர்ற ரிப் (சுவர தாங்குற பட்டை) அதுல பாதி கனம் போதும், தடிச்சா பின்னாடி மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கிற அச்சு) போடும்போது வெளிய குழி விழும். அச்சுல சிக்காம வெளிய வர்றதுக்கு சுவருக்கு ஒரு டிகிரி சரிவு இப்பவே குடுத்துடுங்க. பாதிங்க சேர்ற இடத்துல பள்ளமும் நாக்கும் வைங்க, இடைவெளி 0.2 மில்லி.

பிரிண்ட் எடுத்து அளவு பார்க்க பிஎல்ஏ பிளாஸ்டிக் போதும், ஆனா அது 60 டிகிரி கிட்டயே இளகிடும், மோட்டார் போட்டு ஓட்ட இன்னும் சூடு தாங்குற பிஇடிஜி பிளாஸ்டிக்காவது வேணும். நம்ம ஊர் மஞ்சுல பிலமென்ட் (பிரிண்டருக்குள்ள போற பிளாஸ்டிக் இழை) ஈரம் குடிச்சிடும், நாசில்ல (பிளாஸ்டிக் உருகி வர்ற முனை) பட்பட்னு சத்தம் வந்தா நிறுத்திட்டு, பிஇடிஜிய 65 டிகிரில ஆறு மணி நேரம் காய வச்சுட்டு ஓட்டுங்க. பாதிய படுக்க வச்சு பிரிண்ட் பண்ணுங்க, நிக்க வச்சா லேயர் (பிளாஸ்டிக் அடுக்கு) பிடிக்கு குறுக்க வந்து கழுத்துகிட்ட ஒடியும்.

காத்து ஓட்டை விஷயத்துல அவசரப்படாதீங்க. மோட்டார் சூடு வெளிய போகணும், மழைத் தண்ணி உள்ள வரக்கூடாது, அதனால வாய் கீழ பாத்தபடி சரிஞ்ச பட்டையா வைங்க. மோட்டார், பேட்டரி எல்லாம் எடுத்துட்டு உள்ள டிஷ்யூ பேப்பர ஒட்டி பாடிய மூடி, செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரால பல பக்கத்துல இருந்தும் அடிங்க, திறந்தா எந்த இடம் நனைஞ்சிருக்குன்னு பேப்பரே காட்டும். எனக்கு டிரிகர் ஓரத்துலதான் ஒழுகுச்சு, அங்க ஒரு ரப்பர் உறை போட்டதும் நின்னுடுச்சு.

கலர் மட்டும் பச்சை வேண்டாம், தேயிலைக்குள்ள விழுந்தா தேடணும். ஆரஞ்சு போடுங்க.

மோல்டுக்கு பெரிய காசு போடறதுக்கு முன்னாடி சிலிகான் அச்சுல அஞ்சாறு பாடி வார்த்து தோட்டத்துக்கு குடுங்க, ஜூன்ல குடுத்து மழை முழுக்க ஓட்டட்டும்.